ஆணவம் குறைய ஆளுமை வளரும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்பது பெருமை பேசும் விழா. நமது கல்லூரி உருவாக்கிய வைத்தியர்கள், ஆசிரியைகள், பொறியியலாளர்கள், தாதியர், கணக்காளர்கள், கலைஞர்கள் எல்லோரையும் இன்று நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். பெற்றதை மறவாதிருப்பது நன்றியின் இலக்கணம். ஆனால் பெருமைக்கும் ஆணவத்துக்கும் இடையிலே உள்ள வேலி மிகவும் பதிந்தது. ஓர் ஆட்டுக்குட்டிகூட அதைத் தாண்டிவிடும். "நாங்கள் இந்தக் கல்லூரியில் படித்தோம்" என்று சொல்வது பெருமை. "இந்தக் கல்லூரியில் படித்த எங்களுக்கு இவர்கள் என்ன சொல்வது?" என்று கேட்பது ஆணவம். முதலாவது வசனத்திலிருந்து இரண்டாவதுக்குப் போவதற்கு அதிக நேரம் எடுக்காது. ஆகவேதான் இந்த மகிழ்ச்சியான நாளில், ஆணவத்தை அளவோடு வைத்திருப்பதால் ஒரு மனிதர் எப்படி வளர்கிறார் என்பதைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திக்கலாம் என்று எண்ணினோம்.

நமது ஊரில் இதற்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. "கெப்பர்" என்போம், "எடுப்பு" என்போம், "தலைக்கனம்" என்போம், "அவவுக்குப் பெரிய எண்ணம்" என்போம். இன்றைய பிள்ளைகள் "ஈகோ" என்கிறார்கள். இந்தச் சொற்களிலே பெரும்பாலானவை ஏதோ ஒன்று பெருத்துவிட்டதாக, உயர்ந்துவிட்டதாகச் சொல்கின்றன. ஆனால் "ஆணவம்" என்ற சொல்லுக்குச் சைவ சித்தாந்தம் தரும் விளக்கம் இதற்கு நேர்மாறானது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களில் முதலாவதாகிய ஆணவம் எங்கும் பரந்து அறியக்கூடிய உயிரை ஓர் அணுவைப்போல ஒடுங்கச் செய்கிறது. அணுத்தன்மையைத் தருவதால் அது ஆணவம் என்றார்கள். செம்பிலே களிம்பு போல அது உயிரோடு கூடவே இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

இதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆணவம் பிடித்தவர் பெரியவராகிவிட்டார் என்று நாம் நினைக்கிறோம். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். உண்மையில் அவருடைய உலகம் சிறுத்துப் போகிறது. அவர் யாரிடம் கேட்கலாம், யாரிடம் படிக்கலாம், எந்த இடத்தில் உட்காரலாம், எந்த வேலையைச் செய்யலாம் என்ற பட்டியல் நாளுக்கு நாள் குறுகுகிறது. தன்னைவிட வயதில் குறைந்தவரிடம் கேட்க முடியாது, பதவியில் குறைந்தவரிடம் கேட்க முடியாது, முன்பு தன்னிடம் படித்தவரிடம் கேட்கவே முடியாது. கடைசியில் தன்னை விட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை என்ற நிலை வருகிறது. அணு என்றால் இதுதான்.

பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என்னும் நூலிலே இன்னொரு நுட்பத்தைச் சொல்கிறார். சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், தான் இருட்டு என்பதையாவது நமக்குக் காட்டிவிடும். ஆணவ இருளோ பொருள்களையும் காட்டாது, தன்னையும் காட்டாது. மின்சாரம் நின்றால் நாம் உடனே மெழுகுவர்த்தியைத் தேடுகிறோம். காரணம், இருட்டு வந்துவிட்டதை நாம் அறிகிறோம். ஆணவம் வந்தால் யாரும் விளக்குத் தேடுவதில்லை. வெளிச்சத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம். அதனால் ஆணவத்தைக் கண்டுபிடிப்பதற்கு நமக்கு மற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். இது இந்த உரையின் மையக் கருத்து என்றே சொல்லலாம்.

நம்மிடையே பல சமயத்தவர் இருக்கிறோம். கிறிஸ்தவ சகோதரிகள் பெரிய வியாழனன்று குருவானவர் மண்டியிட்டுப் பாதங்களைக் கழுவும் சடங்கைக் கண்டு வளர்ந்தவர்கள். இஸ்லாமிய சகோதரிகள், பணக்காரருக்கும் ஏழைக்கும் வேறுபாடில்லாமல் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று நெற்றியை நிலத்தில் வைக்கும் தொழுகையை அறிந்தவர்கள். மனிதருக்கு உடம்பினாலேயே பணிவைப் பழக்க வேண்டும் என்று எல்லாச் சமயங்களும் கண்டிருக்கின்றன. புத்தியினால் மட்டும் அது வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்பானவர்களே, ஒரு பெண்கள் கல்லூரியின் மேடையில் இதைப் பேசும்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. "பெண் பிள்ளைக்கு அடக்கம் வேண்டும்" என்று சொல்லிச் சொல்லித்தானே எத்தனையோ தலைமுறைப் பெண்களின் வாயை மூடினார்கள்? சத்தமாகச் சிரித்தால் அடக்கமில்லை, கேள்வி கேட்டால் அடக்கமில்லை, மேற்படிப்புக்கு வெளியூர் போக ஆசைப்பட்டால் அடக்கமில்லை. இப்போது நாமும் பணிவு, பணிவு என்று சொன்னால் அதே பழைய பூட்டை மீண்டும் கொண்டுவந்து மாட்டுவதாகாதா?

ஆகாது. ஏனென்றால் தன்மானமும் ஆணவமும் ஒன்றல்ல. திருக்குறளின் பதின்மூன்றாவது அதிகாரம் அடக்கமுடைமை. அது பெண்களுக்கென்று தனியாக எழுதப்பட்டதல்ல, எல்லோருக்கும் பொதுவானது. வள்ளுவர் கேட்கும் அடக்கம் தன்னைத் தானே ஆளுவது. மற்றவர் நம்மை அடக்குவது அடக்கம் அல்ல, அடக்குமுறை. ஒரு பெண் இரவிரவாக இருந்து தயாரித்த அறிக்கையை வேறொருவர் தன்னுடையதென்று சமர்ப்பிக்கும்போது, "இது என்னுடைய வேலை" என்று எழுந்து சொல்வது தன்மானம். அதைச் சொல்லாமல் இருப்பது பணிவு அல்ல. அதே அறிக்கையிலே ஒரு கணக்குப் பிழை இருப்பதாக நேற்றுச் சேர்ந்த தங்கை ஒருவர் சுட்டிக்காட்டும்போது, "நீர் வந்து எத்தனை நாள்?" என்று கேட்பது ஆணவம். தன்மானம் உரியதைக் கேட்கும். ஆணவம் எப்போதும் முதலிடத்தைக் கேட்கும். பிள்ளைகளுக்கு நாம் முதலாவதைக் கற்றுக்கொடுக்க வேண்டும், இரண்டாவதைத் தவிர்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எறிந்துவிடக் கூடாது.

ஆணவத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது சத்தம் போடாது. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வெட்கப்படும் முகம் அது. வகுப்பில் விடை பிழைத்துவிடும் என்று கையை உயர்த்தாமல் இருக்கும் பிள்ளையிடமும், ஆங்கிலம் பிழைத்தால் சிரிப்பார்கள் என்று நேர்முகப் பரீட்சைக்கே போகாத இளம் பெண்ணிடமும் அது இருக்கலாம். பார்ப்பதற்குப் பணிவு போலத் தெரியும். உள்ளே பார்த்தால், பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கவலைதான் அங்கே அரசாட்சி செய்கிறது.

இந்த முகம் எப்படி உருவாகிறது என்பதை அமெரிக்காவிலே கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 5ஆம் தரப் பிள்ளைகளை. 5ஆம் தரம் என்றால் நமது நாட்டுத் தாய்மாருக்கு உடனே நெஞ்சு இடிக்கும். புலமைப்பரிசில் பரீட்சையும் வெட்டுப்புள்ளியும் நினைவுக்கு வரும். அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் இலகுவான புதிர்களைக் கொடுத்தார்கள். பிறகு சில பிள்ளைகளை "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்ற வகையிலும், வேறு சிலரை "நீ நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்ற வகையிலும் பாராட்டினார்கள். அடுத்து எந்த வகையான வேலை வேண்டும் என்று கேட்டபோது, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் புதிதாகப் படிக்கக்கூடிய வேலையைத் தெரிவு செய்தார்கள். கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களிலே பலர் தமது கெட்டித்தனத்தைக் காட்டக்கூடிய வேலையையே கேட்டார்கள். பின்பு கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லோரையும் சறுக்க வைத்துவிட்டு, மீண்டும் இலகுவானவற்றைக் கொடுத்தபோது, கெட்டிக்காரர் என்று சொல்லப்பட்டவர்கள் முதல்முறை செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ முன்னேறியிருந்தார்கள். இன்னொன்றையும் கேளுங்கள். தமது புள்ளியை வேறோர் இடத்துப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு நான்கு பேர் புள்ளியைக் கூட்டி எழுதினார்கள். முகம் தெரியாத பிள்ளைக்குக்கூட உண்மையைச் சொல்ல அவர்களால் முடியவில்லை.

பத்து வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது எது? ஒரேயொரு பாராட்டு. நாம் வீதியோரத்தில் பிள்ளையின் படத்தோடும் புள்ளியோடும் பதாகை கட்டும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. சித்தியடைந்த பிள்ளைக்கு அந்தப் பதாகை ஒரு சுமை. சித்தியடையாத பிள்ளைக்கு அது ஒரு காயம். பிள்ளையின் உழைப்பைப் பாராட்டுவோம். "நீதான் பெரிய ஆள்" என்று சொல்லி, அவள் வாழ்நாள் முழுவதும் காவல் காக்க வேண்டிய ஒரு பொம்மையை அவள் கையில் கொடுக்காமல் இருப்போம்.

படிப்பிலே இதனால் வரும் இழப்பு புள்ளியோடு போய்விடும். பொறுப்பான பதவியிலே வரும் இழப்பு உயிரோடு போகும். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி கனேரித் தீவுகளில் உள்ள தெனெரிஃப் விமான நிலையத்திலே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதுவே மிகப் பெரிய விபத்தாக எண்ணப்படுகிறது. அன்று மூடுபனி இருந்தது. வேறொரு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்களால் அந்தச் சிறிய நிலையம் நெரிசலாக இருந்தது. வானொலித் தொடர்பிலும் குழப்பம் இருந்தது. ஆகவே காரணம் ஒன்றல்ல. ஆனால் அங்கே ஒரு கணம் இருந்தது. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர், அந்த நிறுவனத்திலே மிகவும் மதிக்கப்பட்டவர். அவர் அனுமதி கிடைக்காமலே விமானத்தை ஓடவிட்டபோது, பின்னால் இருந்த விமானப் பொறியியலாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். பிறகு யாரும் கேட்கவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த விமானி கெட்டவர் அல்லர். திறமையற்றவரும் அல்லர். அவருடைய திறமையும் புகழுமே அவரிடம் இரண்டாம் முறை கேள்வி கேட்க முடியாத ஒரு சூழலை உருவாக்கிவிட்டன. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒருவருடைய ஆணவம் மட்டும் பிரச்சினை அல்ல, அவரைச் சுற்றியிருப்பவர்கள் வாய் திறக்கத் தயங்குவதும் பிரச்சினை. இந்த விபத்தும் இதுபோன்ற வேறு விபத்துகளும் விமானத் துறையைச் சிந்திக்க வைத்தன. 1979இல் நாசா நிறுவனம் இதற்கென ஒரு கருத்தரங்கை நடத்தியது. கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும், மேலே இருப்பவர் நின்று கேட்கவும் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் அது வழக்கமாகிவிட்டது.

நம்மிடையே உள்ள வைத்தியர்களும் தாதியரும் இதன் தொடர்ச்சியை அறிவார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தியை வைப்பதற்கு முன் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் தமது பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்பது அதில் ஒன்று. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒருமுறை தன் பெயரைச் சொல்லிவிட்ட இளம் தாதிக்கு, பிழை ஏதும் கண்டால் மறுமுறை வாய் திறப்பது இலகுவாகிறது. எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பெரிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பெரியவர்கள் சற்று நின்று கேட்டார்கள், சிறியவர்கள் சற்றுத் துணிந்து சொன்னார்கள்.

இனி நமது மண்ணோடு தொடர்புடைய ஒரு பெண்மணியை நினைவுகூர விரும்புகிறோம். அவர் வைத்தியர் மேரி ரட்ணம். 1873இல் கனடாவிலே பிறந்தவர். மருத்துவம் படித்து 1896இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலே மிஷன் வைத்தியப் பணி செய்ய வேண்டியவர், இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்த காரணத்தால் அந்தப் பணியை இழந்தார். அந்நிய நாட்டில் இப்படி ஓர் அவமதிப்பு நேர்ந்தால் பலரும் மனம் கசந்து திரும்பியிருப்பார்கள். அவர் திரும்பவில்லை. கொழும்பிலே வைத்தியராக இருந்துகொண்டு, பெண்களின் உடல்நலத்துக்கும் உரிமைக்கும் தம் வாழ்நாளைக் கொடுத்தார். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். 1931இல் நமது நாட்டுப் பெண்கள் வாக்களித்ததில் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு. 1937இல், அறுபது வயதைத் தாண்டிய பின், கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அந்தச் சபைக்குத் தேர்தலில் வென்ற முதற் பெண் அவரே. ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி அந்த ஆசனத்தைப் பின்னர் பறித்தார்கள். அவர் செய்த வேலை நிற்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 1930இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமித்தியை நாம் பார்க்க வேண்டும். கனடாவிலே விவசாயக் குடும்பப் பெண்கள் தமக்குள் கூடி நடத்திய மகளிர் சங்கங்களைக் கண்டு, அந்த மாதிரியை நமது கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். பட்டம் பெற்ற ஒரு வைத்தியர், கமக்காரப் பெண்களிடமிருந்து ஒரு யோசனையைக் கற்றுக்கொண்டார் என்பது முதலாவது. கொழும்பிலிருந்து போய் உபதேசம் செய்துவிட்டு வருவதோடு நிற்காமல், கிராமத்துப் பெண்களே கூடி, அவர்களே சுகாதாரமும் கைத்தொழிலும் வீட்டுத்தோட்டமும் பழகும்படி அமைத்தார் என்பது இரண்டாவது. அந்த அமைப்பின் பெயரிலே அவருடைய பெயர் இல்லை என்பது மூன்றாவது. 1958இல் அவருக்கு ரமோன் மக்சாய்சாய் விருது கிடைத்தபோது அவருக்கு வயது 85. அவர் 1962இல் காலமானார். சமித்தி இன்றும் இயங்குகிறது. தம்மைச் சுற்றி ஒரு வட்டம் போடாமல், தாம் இல்லாமலும் நடக்கக்கூடிய ஒன்றைக் கட்டியதே அவருடைய வெற்றி. பணிந்து போனவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஆசனத்துக்குப் போட்டியிட்டார், உரிமைக்காக வாதாடினார். தன்மானம் நிறைந்திருந்தது, ஆணவத்துக்கு இடம் இருக்கவில்லை. நாம் மேலே சொன்ன வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அன்பான அக்காமாரே, தங்கைமாரே, இப்போது நமது வீட்டுக்குள்ளே வருவோம். சங்கம் என்பது ஆளுமையை வளர்க்கும் இடம். ஆணவத்தை வளர்க்கவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. அழைப்பிதழிலே யாருடைய பெயர் முதலில் வருவது, முன்வரிசையில் யார் இருப்பது, யாருக்கு முதலில் பொன்னாடை, நன்றியுரையிலே யாருடைய பெயர் விடுபட்டது, கட்டடத்தின் நினைவுக்கல்லில் எத்தனை பெயர்கள், எங்கள் பிரிவா உங்கள் பிரிவா கூடக் கொடுத்தது, இவற்றாலே மனம் முறிந்து பல ஆண்டுகள் பேசாதிருக்கும் சிநேகிதிகள் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில் படுத்து விடுதியில் வளர்ந்தவர்கள் ஒரு வட்ஸ்அப் குழுவிலே எழுதிய இரண்டு வரிக்காகப் பிரிந்து போவதைக் காணும்போது நெஞ்சு வலிக்கிறது. இழப்பு யாருக்கு? நமது இரண்டு பேருக்கும் மட்டுமல்ல, நமது சண்டையால் தள்ளிப்போன நூலகத்துக்காகக் காத்திருக்கும் 6ஆம் தரப் பிள்ளைக்கும்தான்.

கொடுப்பதிலும் ஆணவம் உண்டு. தூர தேசத்திலே குளிரில் இரட்டை வேலை செய்து அனுப்பும் பணம் அது. அதன் பின்னால் உள்ள அன்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் "என்ன வேண்டும்?" என்று கேட்காமல் "இதைச் செய்கிறோம்" என்று அறிவிக்கும்போது, தண்ணீர் வசதி கேட்டு நிற்கும் கல்லூரிக்குத் திரைப்பலகை போய்ச் சேரும். கல்லூரியின் தேவையை அறிந்தவர்கள் அங்கே தினமும் வாசற்படி மிதிக்கும் ஆசிரியைகள், விடுதிப் பொறுப்பாளர், வளவைக் கூட்டும் அம்மா. அவர்களிடம் கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். கேட்பவர் சிறுத்துவிடுவதில்லை. அவர் கொடுக்கும் பணம் சரியான இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வை நம்மிலே பலர் மறந்திருக்க மாட்டோம். ஒக்ரோபர் மாதக் கடைசியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்த மாதங்களிலே பாடசாலைகள் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் மாலை நேரத்திலும், கொட்டிலிலும், மரநிழலிலும் நடந்தன. பெரிய பாடசாலை, சின்னப் பாடசாலை என்ற கதை அங்கே எடுபடவில்லை. இடம் தந்தவர்களே பெரியவர்கள். சீருடை இல்லாத பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, ஒரேயொரு வெண்கட்டியை உடைத்துப் பங்கிட்டுப் படிப்பித்த ஆசிரியைகளின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்த நூறாவது ஆண்டும் இல்லை. நமது கல்லூரியின் உண்மையான பெருமையைத் தேடினால் அது அந்த மரநிழலிலேதான் கிடைக்கும்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? நாம் எடுத்துச் செல்லக்கூடிய ஐந்து சிறிய பழக்கங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, குறை சொல்லப்பட்டால் அன்றே பதில் எழுதாதிருப்போம். ஓர் இரவு அது நம்மோடு இருக்கட்டும். காலையில் வாசித்துப் பார்த்தால், அதில் உண்மை எவ்வளவு, நமது காயம் எவ்வளவு என்று பிரித்துக் காண முடியும். உண்மையை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒன்றையாவது அரிச்சுவடியிலிருந்து படிப்போம், அதுவும் நம்மிலும் இளையவரிடம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் பேத்தியிடம் கணினி பழகலாம். பேராசிரியர் ஒருவர் அயல் வீட்டுத் தம்பியிடம் தோட்டம் செய்யப் பழகலாம். பிழைவிட்டுப் பழகும்போது உடம்பிலே ஏறும் பணிவு, நூறு சொற்பொழிவு கேட்டாலும் வராது.

மூன்றாவது, நன்றி சொல்லும்போது பெயர் சொல்லிச் சொல்வோம். "எல்லோருக்கும் நன்றி" என்பது யாருக்கும் நன்றி இல்லை என்பதற்குச் சமம். சமைத்தவர், கதிரை அடுக்கியவர், கணக்கு எழுதியவர் என்று பெயர் சொல்லும்போது, இந்த வேலையை நாம் தனியே செய்யவில்லை என்பது நமக்கே நினைவுக்கு வருகிறது.

நான்காவது, பதவி ஏற்கும் நாளிலேயே விலகும் நாளையும் குறித்துக்கொள்வோம். யாப்பிலே இருக்கிறது என்பதற்காக அல்ல, அடுத்தவரைப் பழக்குவதற்கு அது உதவும் என்பதற்காக. தனக்குப் பிறகு யார் என்று முதல் ஆண்டிலேயே சிந்திக்கும் செயலாளர் கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பார்.

ஐந்தாவது, நமக்கு முகத்துக்கு நேரே உண்மை சொல்லக்கூடிய ஒருவரையாவது அருகில் வைத்திருப்போம். இருட்டு தன்னைக் காட்டாது என்று பார்த்தோம் அல்லவா? அதைக் காட்டுவதற்கு ஒருவர் வேண்டும். பள்ளிச் சிநேகிதியைப் போல இதற்குப் பொருத்தமானவர் வேறில்லை. நமது பட்டம், பதவி, வீடு, வாகனம் எதுவும் அவருக்குப் பெரிதல்ல. கணக்குப் பாடத்தில் நாம் எத்தனை புள்ளி எடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பின்னல் போட்டுக் காலையில் வரிசையில் நின்றபோதே நம்மை அறிந்தவர் அவர். பழைய மாணவிகள் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். உலகம் நம்மை அம்மணி என்றும் டொக்டர் என்றும் அழைக்கும்போது, "எடியே" என்று அழைப்பதற்கு ஆள் உள்ள இடம் இது ஒன்றுதான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் பெரிய இடங்களுக்குப் போவீர்கள். போக வேண்டும். தலை நிமிர்ந்து போங்கள், உங்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறுங்கள். ஆனால் "தெரியாது, சொல்லித் தாருங்கள்" என்ற வசனத்தை வழியிலே தொலைத்துவிடாதீர்கள். அந்த வசனம் உங்கள் வாயில் இருக்கும்வரை நீங்கள் மாணவிகள். மாணவியாக இருக்கும்வரை வளர்ச்சிக்கு முடிவில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கல்லூரியைத் தொடக்கியவர்கள் இன்றைய கூட்டத்தைக் காணவில்லை. தாங்கள் காணப்போவதில்லை என்று தெரிந்தே அத்திவாரம் இட்டார்கள். இருநூறாவது ஆண்டு விழாவை நாமும் காணப்போவதில்லை. அதற்காக என்ன செய்யப் போகிறோம் என்பதை, இந்த ஒன்றுகூடல் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் சிந்திப்போமாக.